இணைநோய் மட்டும் கொல்லவில்லை

2020-ஆம் ஆண்டு கோடையில் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை தினமும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொலைக்காட்சியில் அதன் முதல் பக்கம்தான் வரும். புதிதாகத் தொற்றியவர் எத்தனை, வீடு திரும்பியவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. பின்பக்கங்களைப் புரட்டியவர்கள் குறைவு. அங்கே ஒவ்வொரு மரணத்துக்கும் சில வரிகள் இருந்தன. பெயர் இருக்காது. வயது, மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை நாள் மூச்சுத் திணறல், எந்த மருத்துவமனையில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு எந்த நேரத்தில் உயிர் பிரிந்தது, மருத்துவர் எழுதிய காரணம்.

இத்தனை விவரமும் செய்தியாகும்போது ஒரே கணக்காகச் சுருங்கிவிடும்: இணைநோய் உள்ளவர்கள் இத்தனை பேர், இல்லாதவர்கள் இத்தனை பேர். தெருவுக்கு வரும்போது இன்னும் சுருங்கும். "அவருக்கு ஏற்கெனவே சுகர் இருந்துச்சாம்." அதோடு பேச்சு முடிந்துவிடும். பயந்து கிடந்த ஊருக்கு அது தேவைப்பட்டது. நமக்குச் சுகர் இல்லை, நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே வரியில் 'ஐந்து நாள் காய்ச்சல், இரண்டு நாள் மூச்சுத் திணறல்' என்பது போன்ற குறிப்பும் இருந்தது. சில வரிகளில் சேர்ந்த தேதியும் இறந்த தேதியும் ஒன்றாகவே இருந்தன. அதை யாரும் பேசவில்லை.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நோயாளியோடு கூடவே வந்த ஆபத்துகள் உண்டு. வாசலில் நுழையும்போதே அவர் உடம்பில் தெரிந்த ஆபத்துகள் உண்டு. மருத்துவமனையிடமே இருந்த ஆபத்துகளும் உண்டு. நாம் முதல் வகையை மட்டும் பேசினோம். காப்பாற்ற முடிந்திருக்கக்கூடிய உயிர்கள் மற்ற இரண்டில்தான் அதிகம்.

வூகானின் 191 பேர்

முதல் பெரிய வெளிச்சம் வூகானிலிருந்து வந்தது. ஜின்யின்டான் மருத்துவமனையிலும் வூகான் நுரையீரல் மருத்துவமனையிலும் சேர்ந்து, 2020 ஜனவரி 31-க்குள் வீடு திரும்பிய அல்லது இறந்த 191 பேரின் விவரங்களை மருத்துவர்கள் தொகுத்தார்கள். 137 பேர் பிழைத்தார்கள், 54 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் 'லான்செட்' இதழில் அது வெளியானபோது இந்தியாவில் ஊரடங்குகூடத் தொடங்கவில்லை.

அந்த ஆய்வு மூன்று அபாயங்களைத் தனித்துக் காட்டியது. முதலாவது வயது: ஒவ்வொரு வயது கூடும்போதும் இறக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவிகிதம் ஏறியது. இரண்டாவது, சேரும்போதே உறுப்புகள் எந்த அளவுக்குத் தளர்ந்திருந்தன என்பதைக் காட்டும் 'சோஃபா' மதிப்பெண். மூன்றாவது டி-டைமர். ரத்தம் உறைந்து, உறைந்தது கரையும்போது மிஞ்சுகிற புரதத் துணுக்கு இது. ஒரு மில்லிலிட்டரில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, கணக்கின்படி 18 மடங்கு. நுரையீரல் நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது ரத்தக் குழாய்களின் நோயாகவும் இருக்கிறது என்பதற்கு இது ஆரம்பகால அறிகுறி. பின்னாளில் கொரோனா வார்டுகளில் தொப்புளைச் சுற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டது இதனால்தான்.

அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இல்லையே என்று கேட்கத் தோன்றும். இறந்தவர்களிடம் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பிழைத்தவர்களைவிட அதிகமாகவே இருந்தன. ஆனால் வயதையும், உடம்பு அந்த நேரத்தில் இருந்த நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது முன்னால் வந்து நின்றவை இந்த மூன்றும்தான்.

வூகான் ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. நோய் தொடங்கியதிலிருந்து சுமார் 9-ஆம் நாளில் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் தளரும் நிலை), 12-ஆம் நாளில் கடுமையான மூச்சுச் செயலிழப்பு, 18 அல்லது 19-ஆம் நாளில் மரணம். முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். இரண்டாம் வாரத்தில் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி நுரையீரலைத் தாக்குகிறது. காய்ச்சல் இறங்கி, 'தேறிவிட்டார்' என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிற ஏழாம் எட்டாம் நாள்தான் ஆபத்தான நாள். வென்டிலேட்டர் வரைக்கும் போன 32 பேரில் 31 பேர் பிழைக்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு முன்பு செய்ய வேண்டியவை எவ்வளவு என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

21-க்கு 2

பிரிட்டனில் இதைவிடப் பெரிய கணக்கு நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் சேர்ந்த 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களிலிருந்து '4சி' என்ற மதிப்பெண் முறையை உருவாக்கி, வேறு 22 ஆயிரம் பேரிடம் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் 'பி.எம்.ஜே.' இதழில் அது வெளியானது. நோயாளி சேரும் நேரத்தில் எட்டே விஷயங்களைப் பார்க்க வேண்டும். மொத்தம் 21 மதிப்பெண். 3 வரை என்றால் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் இறந்தார். 15 அல்லது அதற்கு மேல் என்றால் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல்.

அந்த 21 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். வயதுக்கு அதிகபட்சம் 7. ஆணாக இருந்தால் 1. இணைநோய்கள் எத்தனை இருந்தாலும் அதிகபட்சம் 2. மீதி 11 மதிப்பெண்ணும் அந்த நிமிடத்தில் நோயாளியிடம் அளந்து அறிபவை: நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழே இருக்கிறதா, தெளிவாகப் பேசுகிறாரா, ரத்தத்தில் யூரியா எவ்வளவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எவ்வளவு.

சர்க்கரை நோய் ஆபத்தில்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது செய்யும் கெடுதலில் ஒரு பகுதி யூரியாவிலும் ஆக்சிஜனிலும் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கும். அதனால்தான் தனியாக அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் குறைவு. ஆனாலும் இந்தக் கணக்கு சொல்வது முக்கியமானது. ஒருவர் எந்த நோய்களோடு வந்தார் என்பதைவிட, எந்த நிலையில் வந்தார் என்பது அவர் பிழைப்பாரா என்பதை அதிகம் தீர்மானித்தது. எந்த நிலையில் வருவார் என்பது, எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் விவரத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடும் ஆந்திரமும் சேகரித்த தரவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் எழுதிய ஆய்வு 2020 செப்டம்பர் கடைசியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தொற்று பரவும் விதத்தைப் பற்றி வளரும் நாடு ஒன்றிலிருந்து வந்த மிகப் பெரிய ஆய்வுகளில் அது ஒன்று. அதில் கண்டபடி, இறந்தவர்களில் பாதிப் பேர் பரிசோதனை செய்துகொண்ட சுமார் ஆறு நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து மரணம் வரை அதைப் போல் இரு மடங்கு நாட்கள் இருந்தன. வைரஸ் ஒன்றுதான். நம் ஆட்கள் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தபோது நோயின் முதல் வாரம் வீட்டிலேயே கழிந்துவிட்டிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன விளக்கம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அமெரிக்காவில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 75 வயதைக் கடந்தவர்கள். இங்கே அந்த வயதினர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள் இங்கே அதிகம் இறந்தார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்காத, வீட்டுக் கடன் அடைக்காத வயது. இறந்தவர்களில் 45 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிடும் சமூகத்தில், கொரோனா ஐம்பதை எழுபதாகக் கணக்கு வைத்துக்கொண்டது.

எண்ணாத மூச்சு

இந்த நோயின் கொடுமைகளில் ஒன்று, ஆக்சிஜன் குறைவது நோயாளிக்கே தெரியாமல் போனது. நுரையீரலின் சில பகுதிகளில் ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது தடைபடும். ஆனால் கரியமில வாயு வெளியேறுவதில் அவ்வளவு தடை இருக்காது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை மூளைக்குப் பெரும்பாலும் தருவது கரியமில வாயுதான். அது ஏறாததால், ஆக்சிஜன் 85-க்கு இறங்கிய பிறகும் நோயாளிகள் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசியவர்கள் இரண்டு நாளில் ஐ.சி.யு.வுக்குப் போனதைப் பார்த்த குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஏராளம்.

அதனால்தான் ஆக்சிஜன் இறங்கக் கூடாத எல்லையாக 94 என்ற எண்ணை ஊரெல்லாம் மனப்பாடம் செய்தது. பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள். நல்ல ஆலோசனை. ஆனால் அந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்து 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவிகிதம், வெள்ளையரில் 3.6 சதவிகிதம். தோலின் நிறம் கருவியின் ஒளியைக் குழப்புகிறது. நம் மக்களில் பெரும்பாலோருக்கு இது நேரடியாகப் பொருந்துகிற விஷயம். கருவி 95 காட்டுகிறது என்று மட்டும் நம்பாமல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 30-ஐத் தொட்டால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

எண்ணுவதற்குக் காசு வேண்டாம், கடிகாரம் போதும். இருந்தும் நாம் வேறொன்றின் பின்னால் ஓடினோம். '25-க்கு எத்தனை?' என்று சி.டி. ஸ்கேன் மதிப்பெண்ணைக் கேட்காத வாட்ஸ்அப் குழு 2021-இல் இல்லை. லேசான காய்ச்சலோடு மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்து, '6 தான்' என்று நிம்மதியடைந்து, எட்டாம் நாளில் மூச்சு வாங்கியபோது பழைய ஸ்கேனையே நம்பி வீட்டில் இருந்தவர்கள் உண்டு. ஸ்கேன் அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். நான்கு நாள் கழித்து என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

சர்க்கரை 180

சீனாவின் ஹூபே மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். 7,337 கொரோனா நோயாளிகளில் 952 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் ரத்தச் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் கட்டுக்குள் இருந்தவர்களில் இறந்தவர்கள் 1.1 சதவிகிதம். கட்டுக்கு மீறியவர்களில் 11 சதவிகிதம். இரு குழுவினரும் சர்க்கரை நோயாளிகள்தான். இரு குழுவினருக்கும் இணைநோய் கட்டத்தில் ஒரே பதில்தான் எழுதப்படும். நோய் கடுமையானால் சர்க்கரையும் ஏறும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் பத்து மடங்கு வித்தியாசத்தை அது மட்டும் விளக்கிவிடாது.

இதோடு ஸ்டீராய்டு சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூனில் சொன்ன முடிவு இந்தப் பெருந்தொற்றின் மிகப் பெரிய நல்ல செய்தி. சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் 41.4 சதவிகிதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை, எண்ணிக்கையில் மரணம் சற்றுக் கூடவே இருந்தது. மருந்து ஒன்றுதான். கொடுக்கும் வாரத்தைப் பொறுத்து அது உயிர் காத்தது, அல்லது கெடுத்தது.

இந்தியாவில் இரண்டாம் அலையின்போது காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தது பரவலாக நடந்தது. வைரஸ் பெருகும் வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கி, கூடவே சர்க்கரையை 300, 400 என்று ஏற்றிவிட்டது அது. 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை என்று நாம் அலறியதற்குப் பின்னால் இந்த இரண்டும் இருந்தன. அந்த மாதமே தமிழக அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. கண்ணை இழந்தவர்கள், மேல்தாடையை இழந்தவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கட்டில் இல்லாத இரவுகள்

மருத்துவமனையே ஓர் ஆபத்துக் காரணியாக முடியுமா? முடியும் என்று எண்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 88 மருத்துவமனைகளில் 8,516 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு, ஐ.சி.யு.வில் இருந்த கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை அந்த மருத்துவமனை கண்ட உச்சத்தில் முக்கால் பங்கைத் தாண்டிய நாட்களில் சேர்ந்தவர்கள் இறக்கும் ஆபத்து, நெரிசல் இல்லாத நாட்களில் சேர்ந்தவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்றது. அதே நாட்டின் 65 மருத்துவமனைகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், 50-க்கும் குறைவான ஐ.சி.யு. படுக்கைகள் கொண்ட இடங்களில் இறக்கும் வாய்ப்பு, 100-க்கு மேல் உள்ள இடங்களைப் போல் மூன்று மடங்கு. ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் 64 மருத்துவமனைகளின் ஐ.சி.யு.க்களில் சேர்ந்த 3,140 பேரில் 48.2 சதவிகிதம் பேர் முப்பது நாளில் இறந்தார்கள். உலகச் சராசரி 31.5 சதவிகிதம். இடையில் இருக்கும் உயிர்களில் பல, நர்ஸ் இல்லாததால், ஆக்சிஜன் இல்லாததால், டயாலிசிஸ் இயந்திரம் இல்லாததால் போனவையாக இருக்கலாம்.

சென்னை இதைக் கண்ணால் பார்த்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே கட்டில் காலியாகும் வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன். சிலிண்டர் தீர்ந்தால் வேறு சிலிண்டர் தேடி உறவினர் ஓட்டம். வாசலில் காத்திருப்போருக்கு உடனே ஆக்சிஜன் கொடுக்க 'ஜீரோ டிலே வார்டு' என்ற ஏற்பாடு அப்போது வந்தது. அதை வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். தாமதமே ஒரு நோய் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

அதே மாதத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை வாங்க வேறொரு வரிசை நின்றது. வெயிலில் நாள் முழுக்க நின்றவர்களின் வேதனையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனை நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. வென்டிலேட்டருக்குப் போகாதவர்களிடம் சிறிய பலன் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது, அவ்வளவே. குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பிளாஸ்மா சிகிச்சையும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்து, பலன் இல்லை என்று 2020-இலேயே கண்டுபிடித்தது. அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதம். நடுவில் ஒவ்வொரு இரவும் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மா கேட்டு முகநூலில் கைகூப்பின. அந்த ஓட்டத்தின் பாதி நேரம், ஆக்சிஜன் ஏறுவதற்காக நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதிலும், மூச்சை எண்ணுவதிலும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதிலும் போயிருந்தால் இன்னும் சிலர் வீடு திரும்பியிருப்பார்கள்.

தடுப்பூசி எந்த அளவுக்குக் கணக்கை மாற்றியது என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் 1,17,524 பேரை 2021 பிப்ரவரி முதல் மே நடு வரை கவனித்தது சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வு. 31 பேர் இறந்தார்கள். தடுப்பூசி போடாத 17 ஆயிரம் பேரில் 20 பேர். இரண்டு தவணையும் போட்ட 67 ஆயிரம் பேரில் 4 பேர். வேலையும் வெயிலும் ஒன்றாக இருந்தவர்கள் இவர்கள். இரண்டு ஊசிகள் மரணத்தை 95 சதவிகிதம் தடுத்தன.

எதை எழுதி வைப்பது

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்கள் கணக்கெடுப்பு ஓர் எண்ணை வெளியிட்டது. சர்க்கரை நோய் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 10.8 சதவிகிதம் பேருக்கு. ரத்தக் கொதிப்பு இருப்பவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு. ஹூபேயின் 1.1-க்கும் 11-க்கும் இடையில் நாம் எந்தப் பக்கம் நின்றுகொண்டு பெருந்தொற்றுக்குள் போனோம் என்பது இதிலேயே தெரிகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோவது இந்த எண்ணை மாற்றத்தான். அடுத்த தொற்றுக்கு எதிரான முன்னேற்பாடாகவும் அதை நான் பார்க்கிறேன். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்ற கணக்கோடு நிறுத்தாமல், எத்தனை பேரின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்ற கணக்கையும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

மரணத்தை எப்படி விசாரிப்பது என்று தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிரசவ மரணம் நடந்தால் இங்கே அதை விசாரிக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை இருந்தது என்று எழுதிவிட்டுக் கோப்பை மூட மாட்டார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதமா, போய்ச் சேர்வதில் தாமதமா, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று கேட்பார்கள். வீட்டுக்கே போய் மாமியாரிடமும் கணவரிடமும் கேட்பார்கள். இந்த மாநிலத்தில் பிரசவ மரணம் இவ்வளவு குறைந்ததில் அந்தக் கேள்விகளுக்குப் பங்கு உண்டு.

கொரோனா மரணங்களுக்கும் தணிக்கைக் குழுக்கள் இருந்தன. ஆனால் மக்களுக்குச் சொல்லப்பட்டது இணைநோய் கணக்கு. அரசுக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். சேரும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, நோய் தொடங்கி எத்தனையாவது நாள், வாசலில் காத்திருந்தது எத்தனை மணி நேரம், ஸ்டீராய்டு எந்த நாளில் தொடங்கியது. இந்த ஆறு விவரங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து, பெயர்களை நீக்கிவிட்டு அரசு வெளியிடலாம். அரசு மருத்துவமனைகளின் பதிவு அறைகளில் 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கேஸ் ஷீட்டுகள் செல்லரிப்பதற்கு முன் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.